யாருக்கு எளிது, யாருக்கு அரிது?

ஆங்கில இலக்கண நூல்களில் அரைப்பக்கத்தைத் தாண்டாத பாடம் ஒன்று உண்டு. பெயரடை ஒன்றும், அதைத் தொடர்ந்து ‘டு’ என்னும் சொல்லோடு வினைச்சொல் ஒன்றும் வரும் அமைப்பு பற்றியது அது. ‘ஈஸி டு ரீட்’, ‘ஹேப்பி டு ஹெல்ப்’, ‘ரெடி டு கோ’, ‘ஷ்யூர் டு வின்’ என்று நாள்தோறும் நம் காதில் விழும் தொடர்கள் அனைத்தும் இவ்வமைப்பைச் சேர்ந்தவை. ‘டு’வோடு வரும் இந்த வினைவடிவை ஆங்கிலத்தார் இன்ஃபினிட்டிவ் என்பர். நம் இலக்கணத்தில் இதற்கு நெருங்கிய உறவுடையது ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம்: படிக்க, உதவ, போக, வெல்ல.

பள்ளியில் இதை ஒரு சூத்திரமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, கீழே பத்து உதாரணங்கள் தந்து, பதினோராவதை மாணவர் எழுதவேண்டும் என்பார்கள். மாணவரும் எழுதிவிடுவார். இருவரும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். இந்திய மாணவர்கள் பல தலைமுறைகளாகப் புரட்டிவரும் ரென், மார்ட்டின் இலக்கணம் போன்ற நூல்களும், பெயரடையைச் சார்ந்துவரும் இன்ஃபினிட்டிவ் என்ற ஒற்றைத் தலைப்பில் இவற்றை அடக்கிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. இன்று நாம் வாசிக்கும் மொழிபெயர்ப்பு உரைநடையின் பல முரடுகளுக்கும், நாளிதழ்ச் செய்தித் தமிழின் சில அபத்தங்களுக்கும் இந்த அரைப்பக்கப் பாடமே மூலம் என்பது என் எண்ணம். அதைவிட முக்கியமாக, மனிதர்களைப் பற்றியும் நூல்களைப் பற்றியும் நாம் கூசாமல் வழங்கிவரும் தீர்ப்புகள் சில இந்த அமைப்பின் நிழலில் ஒளிந்திருக்கின்றன. அதனால் இதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

*

இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ‘முருகன் இஸ் ஈகர் டு ஹெல்ப்.’ ‘முருகன் இஸ் ஈஸி டு ஹெல்ப்.’ சொல்லுக்குச் சொல் ஒரே வரிசை. பெயரடை ஒன்று மட்டுமே மாறியிருக்கிறது. ஆனால் முதல் வாக்கியத்தில் உதவப்போகிறவன் முருகன். இரண்டாவதில் உதவி பெறப்போகிறவன் முருகன். உதவுகிறவர் யார் என்பது வாக்கியத்தில் இல்லவே இல்லை. ஆவலுள்ள முருகன் வினையின் செய்பவன். எளிய முருகன் வினையை ஏற்பவன்.

இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் மறைவு வெளிப்பட்டுவிடும். ‘முருகன் உதவ ஆவலாக இருக்கிறான்.’ ‘முருகனுக்கு உதவுவது எளிது.’ முதலாவதில் முருகன் எழுவாயாக நிற்கிறான். இரண்டாவதில் அவன்மேல் நான்காம் வேற்றுமை உருபு ஏறிவிடுகிறது. எளிது என்ற பயனிலை உதவும் செயலுக்குப் போய்ச் சேர்கிறது. ஆங்கிலம் ஒரே சட்டையை இருவருக்கும் மாட்டிவிட, தமிழ் இருவருக்கும் வேறுவேறு சட்டை தைத்துத் தருகிறது.

நோம் சாம்ஸ்கி 1960களில் இத்தகைய வாக்கிய இணை ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மொழியியலில் ஒரு பெரிய வாதத்தை நடத்தினார். அவருடைய வாக்கியங்களில் முருகனுக்குப் பதில் ஜான். உதவுவதற்குப் பதில் மகிழ்விப்பது. சொற்களின் வரிசையை மட்டும் பார்த்து வாக்கியத்தைப் பகுத்தால் இவ்விரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட நேரும். ஆங்கிலம் பேசும் எவரும் அவற்றை ஒன்றாகக் கொள்வதில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியும் புறநிலை அமைப்புக்கு அடியில் புதைநிலை அமைப்பு ஒன்று உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னால் வந்த மொழியியலாளர்கள் இரண்டாம் வகைக்கு ‘டஃப்’ வாக்கியங்கள் என்றே பெயரிட்டார்கள். கடினம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரடை அது. அவ்வாக்கியங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதில் அவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடுகள் உண்டு. அந்தச் சண்டைக்குள் நாம் போகவேண்டியதில்லை.

நமக்கு வேண்டியது ஓர் எளிய சோதனை. ‘இட் இஸ் ஈஸி டு ஹெல்ப் முருகன்’ என்று மாற்றிச் சொல்ல முடிகிறது. ‘இட் இஸ் ஈகர் டு ஹெல்ப் முருகன்’ என்று சொன்னால், அந்த ‘இட்’ ஒரு நாயாகவோ யானையாகவோ இருந்தால்தான் பொருள் வரும். இந்தச் சோதனை தெரிந்த மாணவருக்கு இரண்டு வகைகளும் பிரிந்துவிடும். ஆனால் இதைப் பெரும்பாலும் எவரும் சொல்லித்தருவதில்லை.

*

இவ்வேறுபாடு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கே உடனே பிடிபடுவதில்லை. சாம்ஸ்கியின் மனைவியும் மொழியியலாளருமான கரோல் சாம்ஸ்கி, ஐந்து முதல் பத்து வயது வரையிலான குழந்தைகள் வாக்கிய அமைப்புகளை எவ்வாறு கைவரப்பெறுகிறார்கள் என்பதை ஆராய்ந்து 1969இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு சோதனை புகழ்பெற்றது. கண்கள் கட்டப்பட்ட ஒரு பொம்மையைக் குழந்தையின் முன் வைத்து, இந்தப் பொம்மை காண எளிதானதா, கடினமானதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பொம்மையோ கண்ணெதிரே இருக்கிறது. காண்பதற்கு என்ன தடை? ஆனால் சிறு குழந்தைகளில் பலர் கடினம் என்றார்கள். அப்படியானால் எளிதாக்கிக் காட்டு என்றதும் பொம்மையின் கண்கட்டை அவிழ்த்தார்கள். பொம்மைதான் காண்கிறது என்பது அவர்கள் கொண்ட பொருள். முதலில் நிற்கும் பெயரே வினையைச் செய்யும் என்ற எளிய நம்பிக்கை அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது. வயது கூடக்கூட இந்நம்பிக்கை மாறி, ஏறத்தாழ ஒன்பது வயதில் சரியான பொருள் நிலைபெற்றுவிடுவதை அவர் கண்டார்.

கண்ணைக் கட்டிவைத்ததே குழந்தைகளைத் திசைதிருப்பிவிட்டது என்று இச்சோதனையைக் குறைகூறியவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆயினும் அடிப்படைச் செய்தி நிற்கிறது: ஆங்கிலச் சூழலிலேயே பிறந்து வளரும் குழந்தைக்கும் ஆண்டுகள் பிடிக்கும் ஒரு நுட்பம் இது. அதை நம் பிள்ளைகளுக்கு ஒரே வகுப்பில், ஒரே சூத்திரத்தில் முடித்துவிட்டு, பிறகு அவர்கள் தடுமாறினால் மொழியறிவு இல்லை என்கிறோம்.

காண எளிதான பொம்மையைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவன் திருக்குறளின் அரசன். இறைமாட்சி அதிகாரத்தில், 386ஆம் குறளில், நல்லாட்சிக்கு அடையாளமாக வள்ளுவர் கூறும் இரண்டு பண்புகளில் முதலாவது, அரசன் காட்சிக்கு எளியவனாக இருப்பது. இங்கே காண்பவன் அரசன் அல்லன். குறைகளைச் சொல்ல வந்து நிற்கும் குடிமக்கள். எளிமை என்ற பண்பு அரசன்மேல் ஏற்றிச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த எளிமையை அனுபவிப்பவர்கள் மக்கள். ஆங்கிலத்தின் ‘டஃப்’ வாக்கியம் செய்வதை அப்படியே செய்திருக்கிறது அந்தக் குறள். ஆக, இவ்வமைப்பு நமக்கு அந்நியமானது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

*

தமிழில் இதற்கென்றே சில சொற்கள் இருந்துவந்திருக்கின்றன. எளிய, அரிய, இனிய என்பவை அவற்றில் முதன்மையானவை. கிடைத்தற்கரிய பொருள், நம்புதற்கரிய செய்தி, காண இனிய காட்சி, அணுக எளிய மனிதர் என்னும் தொடர்கள் எதிலும் மொழிபெயர்ப்பு வாடை இல்லை. மறைந்த ஒருவரைப் பற்றிப் பேசும்போது பழக இனியவர் என்கிறோம். பழகியவர்கள் நாம்; இனிமை அவருடையது. எளிது, அரிது, இனிது என்று முடியும்போது இவற்றைக் குறிப்பு வினைமுற்று என்கிறது நம் இலக்கணம். எளியன், எளியள், எளியர் என்று திணைபால் காட்டி நிற்பதால், எளிமை யார்மேல் ஏறுகிறது என்பதும் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

செய்பவரை மறைக்காமல் சொல்லும் வழியும் நம்மிடம் உண்டு. வினைத்திட்பம் அதிகாரத்தின் 664ஆம் குறள் சொல்வது எளிது, செய்வது அரிது என்று மட்டும் கூறி நிறுத்தவில்லை. சொல்வது எவருக்கும் எளிது என்று நான்காம் வேற்றுமையில் ஆளையும் சேர்த்தே கூறுகிறது. எளிது என்றால் யாருக்கு என்ற கேள்வி எழும் என்பது வள்ளுவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதைவிடவும் பயனுள்ள ஒன்று பெயரெச்சத்தில் இருக்கிறது. எழுதிய பெண், எழுதிய கடிதம், எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய இரவு, எழுதிய எழுத்து. ஆறு தொடர்களிலும் ‘எழுதிய’ என்ற சொல் மாறவில்லை. ஆனால் பெண் செய்பவள், கடிதம் செயப்படுபொருள், பேனா கருவி, அறை இடம், இரவு காலம், எழுத்து அந்தச் செயலே. பெயரெச்சம் இவ்வாறு ஆறு பொருள்களைக் கொண்டு முடியும் என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் கூறுகின்றன. எந்த உருபும் இல்லாமலே பெயருக்கும் வினைக்கும் உள்ள உறவைக் கண்டுகொள்ளும் இந்தப் பயிற்சி ஒவ்வொரு தமிழ்க் குழந்தைக்கும் பள்ளி சேரும் முன்பே கைவந்துவிடுகிறது. எழுதிய கடிதம் என்றதும் கடிதம் உட்கார்ந்து எழுதியது என்று எந்தக் குழந்தையும் நினைப்பதில்லை.

வினையெச்சத்திலும் இக்கவலை நம் இலக்கணிகளுக்கு இருந்திருக்கிறது. செய்து என்பது உள்ளிட்ட முதல் மூன்று வாய்பாட்டு எச்சங்கள், எச்சத்தைச் செய்தவரே முடிக்கும் வினையையும் செய்வதாக முடியவேண்டும் என்றும், செய என்பது உள்ளிட்ட ஏனையவை தம் வினைமுதலாலும் பிறிதாலும் முடியலாம் என்றும் தொல்காப்பிய வினையியல் பகுத்துக் காட்டுகிறது. அவன் வந்து உண்டான் என்றால் வந்தவனும் உண்டவனும் ஒருவனே. அவன் வர நாங்கள் உண்டோம் என்றால் வேறுவேறு ஆட்கள். ‘செய’ என்னும் எச்சத்துக்குச் செய்பவர் யார் என்பதைத் தேடிப் பார்த்தே அறியவேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். ஆங்கில இன்ஃபினிட்டிவ் பற்றிச் சொல்லவேண்டிய முதல் உண்மையும் இதுதான். கோழி சாப்பிடத் தயார் என்று சொல்லிப் பாருங்கள். கோழி தீனிக்குக் காத்திருக்கிறதா, இலையில் இருக்கிறதா? ஆங்கிலத்தில் உள்ள அதே ஐயம் தமிழிலும் உண்டு. அதனால்தான் உயிரோடிருப்பது கோழி, இலைக்கு வருவது கோழிக்கறி என்று பேச்சில் நாம் பிரித்துக்கொள்கிறோம்.

இவ்வளவு கருவிகளும் கையில் இருக்க, ஆங்கில வகுப்பில் தமிழைத் தீட்டாகக் கருதி வெளியே நிறுத்திவிடுகிறோம்.

*

மொழிபெயர்ப்புக்கு வருவோம். பெயரடையும் இன்ஃபினிட்டிவும் சேரும் தொடர்களில் குறைந்தது ஐந்து வகைகளை மொழிபெயர்ப்பாளர் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

முதலாவது, எழுவாயே வினையைச் செய்வது. ஈகர், வில்லிங், ஏபிள் போன்ற பெயரடைகள். செய ஆவல், செய விருப்பம், செய வல்லவர் என்று தமிழில் இது சிக்கலின்றி வந்துவிடும்.

இரண்டாவது, மேலே பார்த்த எளிமை, கடினம் என்னும் வகை. ‘ஹார்டு டு ஃபர்கெட்’ என்பதை ‘மறப்பதற்குக் கடினமான முகம்’ என்று எழுதுகிறார்கள். சொற்கள் தமிழ், அமைப்பு கடன். எளிதில் மறக்க முடியாத முகம் என்று தமிழ் சொல்லும். கடினம் என்பதைப் பெயரடையாக்காமல், ‘எளிதில் முடியாத’ என்று வினையின் எதிர்மறைக்குக் கொண்டுபோவது நம் மொழியின் இயல்பு. இதே போல, ‘திருப்திப்படுத்துவதற்குக் கடினமான தந்தை’ நாவல்களில் அடிக்கடி தலைகாட்டுகிறார். எதிலும் நிறைவு காணாத தந்தை என்றால் அவர் நம் வீட்டுக்காரராகிவிடுவார்.

மூன்றாவது, உணர்ச்சியும் அதன் காரணமும். ‘சாரி டு ஹியர்’ என்பதில் கேட்டது முன்னால் நடந்தது. வருத்தம் பின்னால் வந்தது. தமிழில் இதற்குச் செய என்னும் எச்சம் பொருந்தாது. செய்து என்னும் எச்சமே வேண்டும். கேட்டு வருந்தினேன், கண்டு மகிழ்ந்தேன். ‘கேட்பதற்கு வருத்தமாக இருக்கிறேன்’ என்று ஒரு பாத்திரம் பேசினால், அந்தப் பாத்திரம் தமிழில் பிறக்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். அலுவலகக் கடிதங்களில் வரும் ‘தெரிவித்துக்கொள்வதில் மகிழ்ச்சி அடைகிறோம்’ என்பதற்கும் மூலம் இந்த வகைதான். பழகிப் போய்விட்டதால் அது இப்போது உறுத்துவதில்லை. மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம் என்பது அதைவிடச் சுருக்கம்.

நான்காவது, செயலைக் கொண்டு ஆளை மதிப்பிடுவது. ‘யூ வேர் கைண்ட் டு கம்’ என்பதில் வந்தது ஒரு செயல். அன்பு ஒரு குணம். அச்செயலிலிருந்து அக்குணத்தை ஊகித்து ஆளின்மேல் ஏற்றுகிறது ஆங்கிலம். ‘வருவதற்கு நீங்கள் அன்பாக இருந்தீர்கள்’ என்பது எந்த மொழியும் அல்ல. நீங்கள் வந்தது உங்கள் நல்ல மனம் என்றோ, பெரிய மனதோடு வந்தீர்கள் என்றோ சொல்வோம். ‘ராங் டு லீவ்’ போன்ற இடங்களில் தெரிவு இன்னும் கடினம். அவள் போனது தவறு என்றால் செயலைக் கண்டிக்கிறோம். அவள் தவறு செய்துவிட்டாள் என்றால் ஆளைக் கண்டிக்கிறோம். ஆங்கிலம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. எந்த அளவில் எதைச் சொல்வது என்று மொழிபெயர்ப்பாளர் முடிவெடுத்தாக வேண்டும். கதையின் அறம் அந்த ஒரு வரியில் மாறிவிடக்கூடும்.

ஐந்தாவதுதான் அதிகம் தவறு நேருமிடம். ‘ஹி இஸ் ஷ்யூர் டு வின்’ என்றால் அவன் வெல்வது உறுதி என்று பொருள். உறுதி பேசுபவருடையது. வெல்லப்போகிறவனுக்கு அந்த நம்பிக்கை துளியும் இல்லாமலிருக்கலாம். இதை ‘அவன் வெல்வதில் உறுதியாக இருக்கிறான்’ என்று பெயர்த்தால், பேசுபவரின் கணிப்பை எடுத்து அவன் நெஞ்சுக்குள் திணித்துவிட்டோம். தேர்தல் செய்திகளில் இந்தப் பிழை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். ‘லைக்லி டு’ என்பதற்கு நாளிதழ்கள் ‘வாய்ப்பு’ என்ற சொல்லை நிரந்தரமாக வைத்துவிட்டன. மழை பெய்ய வாய்ப்பு என்பது சரி; வறண்ட நாட்டில் மழை வாய்ப்புத்தான். ஆனால் நோயாளிகள் இறக்க வாய்ப்பு, விபத்து நேர வாய்ப்பு என்று படிக்கும்போது மனம் கூசுகிறது. இறக்கக்கூடும், விபத்து நேரலாம் என்று எழுதத் தமிழில் வினை விகுதிகளே போதும். பெயரடையைப் பெயராலேயே ஈடுகட்ட வேண்டும் என்ற பிடிவாதம்தான் இத்தகைய தொடர்களைப் பெற்றெடுக்கிறது.

ஐந்து வகைக்கும் வேறுவேறு தீர்வுகள் என்றாலும் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டே. இந்த வினையைச் செய்பவர் யார்? இந்தப் பண்பு யாருடையது?

*

இலக்கணத்தோடு நின்றுவிடாமல் இக்கேள்விகளை நம் பேச்சிடமும் கேட்கவேண்டும் என்பதுதான் நான் சொல்லவந்தது.

ஆசிரியர்களின் பேச்சிலும் மதிப்பீட்டுக் குறிப்புகளிலும் தயங்காமல் புழங்கும் ஒரு தொடர் ‘டிஃபிகல்ட் டு டீச்’. கற்பிக்கக் கடினமான மாணவன். இலக்கணப்படி இது இரண்டாம் வகை. கற்பிப்பவர் மாணவன் அல்லன், ஆசிரியர். கடினம் என்ற அனுபவமும் ஆசிரியருடையது. ஆனால் வாக்கியத்தில் ஆசிரியர் இல்லை. அவர் மறைந்துகொள்ள, அவருடைய கடினம் ஒரு பண்பாக உருமாறி மாணவன் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறது. சிவந்த, உயரமான, கறுத்த என்பவை போல, கற்பிக்கக் கடினமான என்பதும் அவனுடைய உடம்பில் பிறந்த குணமாகிவிடுகிறது. தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவர்கள்மேல் இவ்வொட்டு எவ்வளவு விரைவாக விழுகிறது என்பதைக் கல்லூரி வாழ்வை அறிந்தவர்கள் அறிவார்கள். இதையே இவனுக்குக் கற்பிப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். அந்த ‘எனக்கு’ வந்தவுடன் வாக்கியம் தீர்ப்பாக இல்லாமல் ஒப்புதலாகிவிடுகிறது. ஒப்புதலானால் அடுத்த கேள்வி வரும்: ஏன் எனக்குக் கடினமாக இருக்கிறது? என் மொழியாலா, என் வேகத்தாலா, பாடநூலாலா? அந்தக் கேள்விக்குப் பதில் தேடலாம். நெற்றியில் ஒட்டிய குணத்துக்கு எவராலும் பதில் தேட முடியாது.

இலக்கிய விமரிசனத்திலும் இதே கதைதான். மௌனி புரிந்துகொள்ளக் கடினமானவர். கோணங்கி வாசிக்கக் கடினமானவர். சிற்றிதழ்ச் சூழலில் புரியாமை பற்றி நாம் எத்தனையோ முறை விவாதித்திருக்கிறோம். அவ்விவாதங்களில் பெரும்பாலும் கடினம் என்பது எழுத்தின் நிலையான பண்பாகவே வைத்துப் பேசப்பட்டது. ஒரு சாரார் அதைக் குற்றமாகச் சுமத்தினார்கள். மறுசாரார் அதையே விருதாகச் சூட்டினார்கள். யாருக்குக் கடினம், எந்த வாசிப்புப் பயிற்சிக்குப் பிறகு கடினம், முதல் வாசிப்பிலா ஐந்தாவது வாசிப்பிலா என்ற கேள்விகள் இருதரப்பிலும் குறைவு. வாசிப்பவர் பெயர் வாக்கியத்தில் இல்லாததால், வாசிப்பவரின் பொறுப்பும் விவாதத்தில் இல்லாமல் போயிற்று. எனக்கு மௌனி கடினமாக இருக்கிறார் என்று சொல்லும் வாசகர் நாளை அவரிடம் திரும்பிப் போக ஒரு கதவைத் திறந்துவைக்கிறார். மௌனி கடினமானவர் என்று சொல்பவர் கதவைச் சாத்திவிடுகிறார். எளிமை என்ற பாராட்டுக்கும் இது பொருந்தும். வாசிக்க எளிய கவிஞர் என்று ஒருவரைப் புகழ்ந்து, அவருடைய ஆழத்தைப் படிக்காமலே விட்டுவிடுவதும் நம்மிடையே நடப்பதுதான்.

ஆங்கிலம் பொல்லாத மொழி, தமிழ் அறமுடைய மொழி என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலத்திலும் ‘ஃபார் மீ’ என்று ஆளைச் சேர்த்துச் சொல்ல வழியுண்டு. ‘கடினமானவர்’ என்று ஆளை மறைத்துச் சொல்லத் தமிழிலும் எந்தத் தடையுமில்லை. மேலே தந்த உதாரணங்களே சான்று. மொழி வழிகளைத் தருகிறது. எதைத் தேர்வது என்பது பேசுபவர் கையில் இருக்கிறது.

*

இதற்கு இரண்டு மறுப்புகள் வரக்கூடும்.

ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாகவே கற்கவேண்டும், தாய்மொழியை இடையில் கொண்டுவந்தால் மாணவர் மொழிபெயர்த்தே சிந்திப்பார் என்பது முதல் மறுப்பு. ஆங்கிலத்தில் வகைப்பாடுகள் இல்லாமல் இல்லை. ஏ. எஸ். ஹார்ன்பி 1954இல் வெளியிட்ட வாக்கிய அமைப்புக் கையேட்டில், பெயரடைகள் எவ்வெவ்வமைப்புகளை ஏற்கும் என்பதை விளக்கியிருக்கிறார். ஆனால் அத்தகைய பட்டியலை மனப்பாடம் செய்வது ஒன்று. ஏன் அவை வேறுபடுகின்றன என்று காண்பது வேறொன்று. எழுதிய பெண், எழுதிய கடிதம் என்ற இரண்டு தொடர்களைக் கரும்பலகையில் எழுதி, யார் எழுதியது, எது எழுதப்பட்டது என்று ஐந்து நிமிடம் பேசிவிட்டு, அதன்பின் ஈகர், ஈஸி இரண்டையும் எழுதினால் மாணவர் தாமாகவே வேறுபாட்டைச் சொல்வார். அந்த ஐந்து நிமிடங்களில் இன்னொன்றும் நடக்கிறது. தனக்குத் தெரிந்த மொழி அறிவுடையது, அதைக்கொண்டு வேறொரு மொழியைத் திறக்கலாம் என்பதை அந்த மாணவர் முதன்முறையாக உணர்கிறார். அதற்கு ஈடாக எந்தக் கையேடும் எதையும் தந்துவிட முடியாது.

மொழிபெயர்ப்பில் மூலத்தின் அந்நியத்தன்மை தெரியவேண்டும், எல்லாவற்றையும் தமிழ்ப்படுத்திவிட்டால் புதிய அமைப்புகள் மொழிக்குள் எப்படி வரும் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. இன்றைய தமிழ் உரைநடை கடன்பெற்று வளர்ந்ததுதான். ஆனால் அந்நியத்தன்மை என்பது மூல ஆசிரியருக்கு உரிய தனித்தன்மையாக இருக்கவேண்டும். ‘ஹார்டு டு ஃபர்கெட்’ என்பது ஆங்கிலத்தில் கடைத்தெருவில் புழங்கும் சாதாரணத் தொடர். அதைப் பெயர்க்கும்போது தமிழ் வாசகரைத் தடுக்கிவிழ வைப்பது மூலத்தில் இல்லாத ஒரு கரடுமுரடை நாம் சேர்ப்பதாகும். மூலம் தடுக்குமிடத்தில் மொழிபெயர்ப்பும் தடுக்கட்டும். மூலம் வழுக்கிச் செல்லுமிடத்தில் நாம் ஏன் கல்லைப் போடவேண்டும்?

என் வேண்டுகோள்கள் சிறியவை. ஆங்கில ஆசிரியர்கள் இப்பாடத்தைச் சூத்திரமாகக் கொடுக்காமல் கேள்வியாகக் கொடுக்கலாம்; தேவைப்பட்டால் பக்கத்து அறையிலிருக்கும் தமிழாசிரியரிடம் பெயரெச்சத்தைக் கடன் கேட்கலாம். தமிழாசிரியர்களும் பெயரெச்சத்தின் ஆறு பொருளை மதிப்பெண்ணுக்கான பட்டியலாக ஒப்பிக்க வைப்பதை விட்டு, மொழியைத் திறக்கும் சாவியாகக் காட்டலாம். மொழிபெயர்ப்பாளர்கள் கடினமான, எளிதான என்று எழுதுமிடமெல்லாம் ஒரு கணம் பேனாவை நிறுத்தி, செய்பவர் யார் என்று தேடலாம்.

ஆசிரியர்களும் விமரிசகர்களுமாகிய நாமோ, ஒரு மாணவரையோ நூலையோ கடினம் என்று சொல்லுமுன், யாருக்கு என்ற நான்காம் வேற்றுமையைச் சேர்த்துச் சொல்லிப் பழகலாம். பல நேரங்களில் அந்த உருபு வந்து நிற்கவேண்டிய இடம் நம் பெயருக்குப் பின்னால்தான்.